இருபதுக்கு இருபது

சப்போரோவில் பிப்ரவரி.
ஜன்னலின் பாதிவரை பனி ஏறிவிட்டது.
முனேஹிரோ கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு
கோதட்சு மேசைக்கடியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.
கடத்திவரப்பட்ட ஆள் மாதிரி இருக்கிறாய் என்றேன்.
சிரிக்காதே, இது சோதனை.

நேற்று இயர்ஃபோன்களின் முறை.
ஒரே கம்பெனி, ஒரே வார்ப்பு, ஒரே கருநீலம்.
புதியதன் முதுகில் மட்டும்
எறும்புக்கால் எழுத்தில் ஒரு ‘இரண்டு’.
அந்த இரண்டுக்குப் பதினெட்டாயிரம் யென் அதிகம்.
பழையதில் பாடகி சுவரோரம் நிற்கிறாளாம்,
புதியதில் ஓரடி முன்னால் வருகிறாளாம்.
துண்டு கட்டியதும்
அவள் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.
இருபதுக்கு ஒன்பது.
காசைச் சுண்டியிருந்தால்
பத்தாவது வந்திருக்கும்.

இன்று கேபிள்.
செம்பு: நாலு புரி, தேன் நிறம், சொன்னபடி வளையும்.
வெள்ளி: எட்டுப் புரி, மீன் வயிற்று நிறம்,
எப்படி வைத்தாலும் தன் இஷ்டத்துக்குச் சுருளும்.
ஒவ்வொரு முறையும்
கடுகு நுழையாத துளைகளில்
இரண்டிரண்டு ஊசிகளைக் குத்தி, பிடுங்கி, குத்தி
என் கட்டைவிரல் நகம் ஒன்று போயிற்று.
மாற்றாத போதும் மாற்றியதாய்ப் பாவனை செய்தேன்.
அவன் காதில் நானே மாட்டிவிட்டேன்.

வெள்ளி, என்றான்.
சரி.
செம்பு.
சரி.
மறுபடி செம்பு. ஏமாற்றப் பார்க்கிறாயா?
சரி. சரி. சரி.
வெள்ளியில் காற்றோட்டம் இருக்கிறது என்றான்,
செம்பில் அடிக்குரல் சதைப்பிடிப்பாக இருக்கிறது என்றான்.
காற்றோட்டமா, சதைப்பிடிப்பா,
வீட்டைப் பற்றியா ஆட்டிறைச்சியைப் பற்றியா பேசுகிறாய்
என்று கேட்க நினைத்து
கோடு மட்டும் போட்டேன்.
இருபதுக்கு இருபது.

துண்டை அவிழ்க்கப் போனவனை நிறுத்தினேன்.
பதினாறாவது முறை
நான் பாட்டையே போடவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
துண்டுக்குக் கீழே மூக்கு மட்டும் சிவந்தது.
நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்
அவன் கம்பளிக் கழுத்துப்பட்டையைத் தொட்டோம்.
வெள்ளி அதில் உரசும்போது
சர் என்று ஒரு சின்ன அரிப்பு
கம்பி வழியே ஏறிக் காதுக்குள் போகிறது.
செம்புக்கு அந்த வம்பு கிடையாது.

துணிக் கவ்வியால் கேபிளை மேசையோடு கவ்வினேன்.
அசையாதே என்றேன்.
பத்துக்கு நாலு.

கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
வித்தியாசம் உண்டு. பாட்டில் இல்லை.
அவன் வாதாடவில்லை.
ஒரு மாண்டரின் ஆரஞ்சை
தோல் அறுபடாமல் உரித்து
பாதியை என் பக்கம் தள்ளினான்.
அது தோல்விக் கையெழுத்து.

அப்போது தெருமுனையில்
பனி வாரும் வண்டி திரும்பியது.
ஏழாம் நம்பர், என்றேன்.
எப்படிச் சொல்கிறாய்?
இடது பக்கக் கத்தி தேய்ந்துவிட்டது,
தரையில் கொர் கொர் என்கிறது கேட்கவில்லையா?
பன்னிரண்டாம் நம்பரும் அதே மாடல்தான்,
ஆனால் பின்னால் போகும்போது
அது இரண்டு தடவை தும்மும்.

பதினோரு குளிர்காலமாக
நகராட்சிப் பனி அலுவலகத்தில் போன் எடுக்கிறேன்.
என் வாசலுக்கு இன்னும் வண்டி வரவில்லை என்று
கத்துகிறவர்களின் குரலுக்குப் பின்னால்
எந்த வண்டி, எத்தனை தெரு தள்ளி
என்று கேட்டுக் கேட்டு
பதில் சொல்லப் பழகிவிட்டது.
இதற்கு யாரும் ஒரு யென்கூட அதிகம் தரவில்லை.

முனேஹிரோ எழுந்து போய்
மேல் சட்டத்தை விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தான்.
பனி உள்ளே கொட்டியது.
வண்டியின் கதவில் மஞ்சள் எழுத்து.
ஏழு.

திரும்பி வந்தான்.
துண்டை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான்,
இந்தப் பக்கம் வந்து உட்கார் என்றான்.